அளியனோடு காஷ்மீர் போவது எப்படி?

கேரளத்தின் நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலுள்ள கோட்டுகாலில் இருந்து காரில் காஷ்மீர் போக வேண்டுமென்றால் முதலில் காஷ்மீருக்கு எதிர்த்திசையில் போக வேண்டும். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிறது. நீளம் 3,700 கிலோமீட்டருக்கு மேல். நம் ஊர்க்காரர்கள் அதைப் பிடிக்கத் தெற்கே நாகர்கோவிலுக்குப் போய், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காவல்கிணற்றில் ஏறினால் போதும். ஆனால் கூட வருகிறவர் விடமாட்டார். "கன்னியாகுமரியில கடலைத் தொட்டுட்டுத்தான் ஏறணும், இல்லேன்னா கணக்குல வராது" என்பார். யாருடைய கணக்கு என்று கேட்காதீர்கள். பயணத்தின் முதல் சண்டையை அவ்வளவு சீக்கிரம் செலவழித்துவிடக் கூடாது.

இந்த வழிகாட்டியில் வண்டியைப் பற்றி அதிகம் இருக்காது. டயர், பேட்டரி, பின்கண்ணாடியில் ஒட்டும் 'கே டு கே' ஸ்டிக்கர் பற்றியெல்லாம் யோசனை சொல்லத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பக்கத்து சீட்டில் உட்காரப் போகிறவரைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. கார் வாங்கும் முன் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கிறோம். ஆளை மட்டும் சோதிக்காமலே ஏற்றிக்கொண்டு நாட்டின் மறுகோடிக்குக் கிளம்பிவிடுகிறோம்.

ஆள் பிடித்தல்

சினிமாவை நம்பி இறங்காதீர்கள். 2003-இல் வந்த 'அன்பே சிவம்' படத்தில் புவனேஸ்வரத்தில் மழையில் மாட்டிக்கொண்ட இருவர் சென்னை வந்து சேருவதற்குள் மனசு மாறிவிடுகிறார்கள். 2013-இல் 'நீலாகாசம் பச்சக்கடல் சுவன்ன பூமி' என்று ஒரு மலையாளப் படம் வந்தது. துல்கர் சல்மானும் சன்னி வெய்னும் கேரளத்திலிருந்து நாகாலாந்துக்கு பைக்கில் போகிறார்கள். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் மீசை அரும்பிய எல்லாருக்கும் வடக்கே ஒரு சோலி வந்துவிட்டது. திரையில் மனசு மாற மூன்று மணி நேரம் போதும். காரில் மூன்று மணி நேரத்தில் திருநெல்வேலிதான் வரும்.

சரி, யாரைக் கூப்பிடுவது? கல்ஃபில் இருந்து லீவில் வந்திருக்கும் நண்பர் முதலில் நினைவுக்கு வருவார். ஷார்ஜாவில் பட்டாணியர்களிடம் கற்ற அவருடைய இந்திக்குப் பஞ்சாபில் நல்ல மரியாதை கிடைக்கும். ஆனால் முப்பது நாள் லீவில் இரண்டு கல்யாணம், ஒரு பால்காய்ப்பு, ஒரு பல் வைத்தியம் போக மிச்சமிருப்பதைத்தான் உங்களுக்குத் தருவார். நாலு நாளில் ஸ்ரீநகர், நாலு நாளில் திரும்பல். மூத்திரம் பெய்ய நிறுத்தினாலும் வாட்சைப் பார்ப்பார்.

அடுத்தவர் ஓய்வுபெற்ற ஆனவண்டி ஓட்டுநர், முறைக்கு மாமன். முப்பது வருஷம் கேரள அரசு பஸ்ஸை ஓட்டிய கால் சும்மா இருக்காது. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். லாரி எதிரே வந்தால் வலது கால், மாடு குறுக்கே வந்தால் இரண்டு காலும். கர்நூல் தாண்டும்போது அவருக்கு முட்டுவலி வந்துவிடும், அதற்கும் காரணம் உங்கள் டிரைவிங்தான்.

சுற்றிச் சுற்றி எல்லாரும் கடைசியில் வந்து நிற்பது மனைவியின் தம்பியிடம். நாம் அவரை அளியன் என்போம், அவர் நம்மை அத்தான் என்பார். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போயிற்று, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. நிலத்தைப் பிரித்தவர்கள் பெண் கொடுத்து எடுப்பதைப் பிரிக்கவில்லை. ஆகவே கோட்டுகால்காரருக்கு மார்த்தாண்டத்தில் ஓர் அளியன் இருப்பது இயற்கை. அவருக்கு நேரம் இருக்கும், ஓட்டத் தெரியும், செலவில் பாதி தருவதாகவும் சொல்வார்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். நண்பரோடு சண்டை போட்டால் அது அந்தக் காரோடு முடிந்தது. அளியனோடு போட்டால் அன்று இரவே வழக்கு கோட்டுகாலுக்கு வந்துவிடும். விசாரிக்கும் நீதிபதி உங்கள் மனைவி. எதிர்த்தரப்புக்கு அக்காவும் அவர்தான். மேல்முறையீடு மாமியாரிடம்.

சோதனை ஓட்டம்

ஆகவே கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே அளியனை மாநில எல்லையிலுள்ள களியக்காவிளை வரைக்கும் ஓட்டிப் பாருங்கள். முக்கோலையிலிருந்து காரோடு வரை போட்டிருக்கும் பைபாஸில் போக வேண்டாம். கான்கிரீட் சாலை, வழவழவென்று நாலு வழி, நினைப்பதற்குள் எல்லை வந்துவிடும். அந்த மாதிரிச் சாலையில் யாரும் நல்லவராகத்தான் இருப்பார். பழைய சாலையில் இறங்குங்கள்: பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, பள்ளிக்கூடமும் ஆபீசும் விட்டு, முன்னால் ஒரு ஆனவண்டியும் பின்னால் ஒரு ஆம்புலன்ஸும் நிற்கும் நேரத்தில் ஒரு மனிதர் எப்படி நடந்துகொள்கிறாரோ அப்படித்தான் காஷ்மீர் வழியில் ராம்பனில் மலை சரிந்து சாலை அடைபட்ட அன்றும் நடந்துகொள்வார். ராம்பனில் குளிர் கூடுதல், அவ்வளவே.

சோதனைக்குத் தேவையான ஒரே கருவி காலி டாங்க். கேரளத்தில் பெட்ரோல் விலை கூடுதல், தமிழ்நாட்டில் குறைவு. ஏற்கெனவே இருந்த வித்தியாசம் போதாதென்று 2023 ஏப்ரலிலிருந்து சமூகப் பாதுகாப்புக்காக லிட்டருக்கு இரண்டு ரூபாய் கூடுதல் வரி வேறு. அதனால் கோட்டுகாலில் இருந்து தெற்கே போகிறவன் டாங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் அவனைக் குடும்பம் நடத்தத் தெரியாதவன் என்பார்கள். பெட்ரோல் மணத்தோடும் நம்பிக்கையோடும் கிளம்ப வேண்டும், களியக்காவிளை தாண்டி முதல் பம்பில் நிரப்ப வேண்டும்.

அமரவிளைப் பாலத்தில் பேச்சு தொடங்கும்.

"அத்தான், சிவப்பு லைட்டு எரியுது."

"அது சும்மா எரியும்டே. களியக்காவிளை வரைக்கும் கொள்ளாம்."

"பாறசாலையிலே ஒரு நூறு ரூவாய்க்கு அடிச்சிருவோமா?"

"நூறு ரூவாய்க்கு அடிச்சா எவ்வளவு நட்டம்னு தெரியுமா உனக்கு?"

யாருக்குமே தெரியாது. மிஞ்சிப் போனால் ஒரு கிளாஸ் சாயாவின் காசு. ஆனால் இங்கே அளவிடப்படுவது பணமல்ல. பாறசாலை ரயில் நிலையத்துக்குத் திரும்பும் இடத்தில் கார் இருமி நின்றால் அளியனைக் கவனியுங்கள். இறங்கி ஒன்றும் சொல்லாமல் தள்ளுகிறவர் உத்தமர். தள்ளிக்கொண்டே "நான் அப்பவே சொன்னேன்" என்கிறவர் சாதாரணர். இறங்காமல் உட்கார்ந்தபடியே போனை எடுத்து அக்காவுக்கு விவரம் சொல்கிறவரைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். இப்படிக் கறாராகப் பார்த்தால் கடைசியில் தனியாகத்தான் போவீர்கள் என்பதும் உண்மை. இரண்டாவது வகையோடு சமாதானமாகிவிடுவது நல்லது.

நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் சென்னை மாநிலத்தோடு சேர்க்கச் சொல்லி அன்று கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. கிடைக்கவில்லை. அந்தப் போராட்டத்தில் உயிரைக் கொடுத்தவர்கள் பெட்ரோலுக்காகக் கொடுக்கவில்லை. இருந்தாலும் உதியன்குளங்கரை ஏற்றத்தில் காரைத் தள்ளும்போது சரித்திரம் வேறு மாதிரி நினைவுக்கு வருகிறது.

சோதனையின் இன்னொரு பகுதி சீட் பெல்ட். கேரளத்தில் 2023 ஜூனிலிருந்து சாலையோரக் கேமராக்கள் தாமாகவே அபராதம் எழுதுகின்றன. முன்சீட்டில் இருப்பவர் பெல்ட் போடாவிட்டாலும் கடிதம் வண்டிக்காரர் வீட்டுக்குத்தான் வரும். இஞ்சிவிளை வரை ஒழுங்காகப் பெல்ட் போட்டிருந்து, எல்லை தாண்டியதும் "சவம், மூச்சு முட்டுது" என்று கழற்றுகிறவரா உங்கள் அளியன்? அப்படியென்றால் அவர் கேமராவுக்குத்தான் பயப்படுகிறார், சாவுக்குப் பயப்படவில்லை. அவரிடம் இரவில் ஸ்டியரிங்கைக் கொடுக்காதீர்கள். இதை மட்டும் விளையாட்டாகச் சொல்லவில்லை.

யார் வண்டி, யார் காசு

உங்கள் கார் கே.எல். 20, நெய்யாற்றின்கரை. அளியனுடையது டி.என். 75, மார்த்தாண்டம். எதில் போவது என்ற விவாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். தமிழ்நாட்டில் கே.எல். வண்டியை ஓரங்கட்டுவார்கள் என்பார் அவர். கேரளத்தில் டி.என். வண்டியை நிறுத்துவார்கள் என்பீர்கள் நீங்கள். தெலங்கானாவில் இரண்டும் ஒன்றுதான். யார் காரில் போனாலும் மற்றவர் ஓட்டும்போது கியர் சத்தம் கேட்டு உடைமைக்காரருக்கு நெஞ்சு அடைக்கும். ஆகவே பழைய கார் யாருடையதோ அதில் போங்கள்.

டோல் சாவடிக் காசு முன்பெல்லாம் உறவை அறுக்கும் வாளாக இருந்தது. சாவடிக்குச் சாவடி "நான் தாறேன்", "வேண்டாம் நான் தாறேன்" என்று தொடங்கி, ஹைதராபாத்துக்கு அப்பால் இருவருமே ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பிப்பார்கள். பாஸ்டேக் வந்ததும் ஒருவர் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் போயிற்று; அவர் மட்டும் ஒவ்வொரு பீப் சத்தத்துக்கும் போனை எடுத்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்தக் கார்களுக்கு ஆண்டு பாஸ் வந்திருக்கிறது. தொடங்கியபோது விலை 3,000 ரூபாய். அதைக் கட்டினால் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் 200 தடவை கடக்கலாம், அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அதுவரை. குடும்ப அமைதிக்காக அரசு சமீபத்தில் செய்த பெரிய காரியம் இது. உங்கள் கார் என்றால் முழுத் தொகையையும் அளியனைக் கட்டச் சொல்லுங்கள். திரும்பி வந்தபின் மிச்சமிருக்கும் தடவைகள் காரோடு உங்களுக்குத்தான்.

சோறும் வெள்ளமும்

பெட்டியில் வைக்க வேண்டியவை: ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், லைசென்ஸ். இவற்றைப் போனில் டிஜிலாக்கரில் வைத்துக்கொள்ளலாம். போனில் வைக்க முடியாதவைதான் தொல்லை.

சம்பா அரிசிச் சோறு இல்லாமல் தன்னால் ஒரு வாரம் இருக்க முடியும் என்று அளியன் சொல்வார். நம்பாதீர்கள். மூன்றாம் நாள் மத்தியானம், ஜான்சிக்குப் பக்கத்தில் ஒரு தாபாவில் ரொட்டியைக் கிழித்தபடி, மரச்சீனிக்கிழங்கையும் மத்திக் குழம்பையும் பற்றி அவர் பேசத் தொடங்குவார். கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கும் கண் கலங்கும். அப்போது எதிர்ப்பேச்சு பேசக் கூடாது; மார்த்தாண்டத்துக் குழம்பா, விழிஞ்ஞத்து மீனா எது மேல் என்ற சர்ச்சைக்கு அது நேரமல்ல. வீட்டிலிருந்து சம்மந்திப்பொடி ஒரு டப்பா கொண்டுபோங்கள். எதன் மேலும் தூவலாம், கோபத்தின் மேலும்.

சுடுவெள்ளம் இன்னொரு பாடு. பதிமுகம் போட்டு இளஞ்சிவப்பாகக் கொதிக்க வைத்த தண்ணீரைக் குடித்து வளர்ந்த நாக்குக்கு நிறமில்லாத தண்ணீர் வேகாத தண்ணீராகத் தெரியும். நாக்பூர் ஓட்டலில் சர்வரைக் கூப்பிட்டு, "பானி... கரம்... பிங்க்" என்று நீங்கள் கேட்பதை அளியன் வீடியோ எடுப்பார். குடும்பக் குழுவில் அது உங்களுக்கு முன்பே ஊர் வந்து சேரும்.

தேங்காய் எண்ணெய் இல்லாமல் குளிக்க மாட்டேன் என்கிறவரோடு குளிர்காலத்தில் போகாதீர்கள். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாளைச் சில்லாய் கலான் என்கிறார்கள், கடுங்குளிரின் உச்சம் அது. பஞ்சாபிலேயே பாட்டில் வெள்ளைக் கட்டியாகிவிடும். அதை ஹீட்டர் காற்று வரும் இடத்தில் வைத்து இளக்குகிறேன் என்று அளியன் மூடியைத் திறந்துவைக்கும் காரில், முதல் ஹேர்பின் வளைவுக்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அவியல் வாசம் வரும். மே மாதம் போனால் எண்ணெய் உருகியே இருக்கும், நாக்பூரில் நீங்களும் உருகுவீர்கள்.

முன்னோர் காட்டிய வழி

இந்த வட்டாரத்தில் தனியாகப் போவதற்கும் துணையோடு போவதற்கும் வரலாற்று முன்மாதிரிகள் உண்டு. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலில் அம்மச்சிப்பிலாவு என்ற பலாமரத்தின் அடிமரத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். எதிரிகள் துரத்தியபோது மார்த்தாண்ட வர்மா அதன் பொந்துக்குள் ஒளிந்து தப்பினார் என்பது ஐதீகம். பொந்தில் ஒருவருக்குத்தான் இடம். கூட அளியன் இருந்திருந்தால் "கொஞ்சம் நகருங்க அத்தான்" என்ற சத்தத்திலேயே திருவிதாங்கூர் வரலாறு முடிந்திருக்கும்.

இரண்டாவது முன்மாதிரி அதே நெய்யாற்றின்கரையில் பிறந்த சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை. திவான் ராஜகோபாலாச்சாரியைத் தம் பத்திரிகையில் விடாமல் கிழித்தவர். 1910 செப்டம்பர் 26-ஆம் தேதி அச்சகத்தைப் பறிமுதல் செய்தார்கள். அவரைப் போலீஸ் காவலில் தெற்கே கொண்டுபோய் ஆரல்வாய்மொழி தாண்டி விட்டுவிட்டார்கள். நாம் இன்று காவல்கிணற்றுக்குப் போகும் அதே வழி. துணைக்கு வந்தவர்களை அவர் தேர்ந்தெடுக்கவில்லை, போகுமிடத்தையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் அந்த அனுபவத்தை ஒரு புத்தகமாகவே எழுதிவிட்டார். அவர் மறுபடி திருவிதாங்கூருக்குள் வர அனுமதி கிடைக்கவில்லை. 1916-இல் கண்ணூரில் இறந்தார். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைப் பார்த்ததும் காரை நிறுத்தி செல்ஃபி எடுக்கும் அளியனிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷம் பேசாமல் வருவார். அந்தப் பயணத்தில் உங்களுக்குக் கிடைக்கும் நீண்ட அமைதி அதுவாகத்தான் இருக்கும்.

வழியில்

மதுரை, சேலம், பெங்களூரு, ஹைதராபாத் வரைக்கும் பெரிய ஆபத்து இல்லை. பேச விஷயம் இருக்கும், சொந்தக்காரர்களில் இன்னும் திட்டப்படாதவர்கள் மிச்சமிருப்பார்கள். அந்தக் கையிருப்பு அதிலாபாத் பக்கம் தீர்ந்துபோகும்.

நாக்பூரில் பிரிட்டிஷ் கால நில அளவைக்காரர்கள் நட்ட ஜீரோ மைல் தூண் இருக்கிறது. நெடுஞ்சாலைக்கும் அது கிட்டத்தட்ட நடுவழி. போனாலும் திரும்பினாலும் ஏறக்குறைய ஒரே தூரம். அதனால் "இறக்கி விடு, நான் வீட்டுக்குப் போறேன்" என்று சொல்ல நினைப்பவர்கள் நாக்பூருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அதற்குப் பின் சொல்வதில் லாபமில்லை.

நாக்பூருக்கு வடக்கே பெஞ்ச் புலிகள் காப்பகம். அங்கே சாலையைத் தூண்கள் மேல் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள், ஓரிடத்தில் 750 மீட்டர் நீளத்துக்கு. மேலே லாரிகள் போக, அடியில் புலியும் மானும் கடக்கின்றன. யார் முதலில் கடப்பது என்பதை அவை தமக்குள் எப்படியோ தீர்த்துக்கொள்கின்றன. மேலே உங்கள் காரில், ஏ.சி. 20-இலா 24-இலா என்பது இன்னும் தீராமலிருக்கும்.

ஆக்ராவுக்கு நீங்கள் எப்படித் திட்டமிட்டாலும் வெள்ளிக்கிழமைதான் போய்ச் சேருவீர்கள். வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடியிருக்கும். இது யார் தப்பு என்று பேசாதீர்கள். அக்காவுக்கு வீடியோ கால் போட்டு, யமுனையின் எதிர்க்கரையில் இருந்து தூரத்தில் காட்டிவிட்டு நகருங்கள்.

ஜம்முவுக்கு முன்பே சிம் கார்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிமாநிலப் பிரீபெய்ட் எண்கள் ஜம்மு காஷ்மீருக்குள் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டும் செய்யும். இருவரில் ஒருவர் மட்டும் போஸ்ட்பெய்டாக இருப்பது நல்லது. அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டும். நடந்ததை வீட்டுக்கு யார் முதலில் சொல்கிறார்களோ அவர்கள் சொல்வதே நடந்தது.

உதம்பூர் தாண்டி சேனானி–நஷ்ரி சுரங்கம், சுமார் ஒன்பது கிலோமீட்டர், 2017-இல் திறந்தார்கள். அதற்குள் முந்தக் கூடாது, நிறுத்தக் கூடாது, இறங்கி நடந்து போகவும் முடியாது. பழைய கடன், மாமனார் சொத்து, கல்யாணத்தில் போட்ட நகை ஆகியவற்றை அளியன் எடுக்கப்போகிறார் என்று தோன்றினால் சுரங்கத்துக்கு முன்பே டீக்கடையில் நிறுத்துங்கள். பானிஹாலில் இன்னொரு சுரங்கம், எட்டு கிலோமீட்டருக்கு மேல். அங்கேயும் இதே விதி.

ஸ்ரீநகர் வந்துவிட்டால் தால் ஏரியில் ஷிகாராவில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் இருவரும் சிரிக்க வேண்டும். அடுத்த கல்யாண வீட்டில் அதைத்தான் காட்டுவார்கள்.

திரும்பி வருவது பற்றி. அதே 3,700 கிலோமீட்டரை, அதே ஆளோடு, இந்த முறை பார்க்கப் புதிதாக ஒன்றும் இல்லாமல் கடக்க வேண்டும் என்பதைக் கிளம்பும்போது யாரும் யோசிப்பதில்லை. யோசிக்க வேண்டாம். 2025 ஜூனிலிருந்து ஸ்ரீநகரிலிருந்து கட்ராவுக்கு வந்தே பாரத் ரயில் ஓடுகிறது. கட்ராவிலிருந்து கன்னியாகுமரிக்கு வாரம் ஒருமுறை ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் உண்டு, திருவனந்தபுரத்தில் இறங்கிக்கொள்ளலாம். முன்பதிவு அறுபது நாளைக்கு முன்பு திறக்கிறது. அளியனிடம் காரின் சாவியைக் கொடுக்க மனசு வரும் என்றால் உங்கள் பெயரிலும், வராது என்றால் அவர் பெயரிலும், ஒரு டிக்கெட் இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.